ஒயர் இல்லாமல் கரண்ட் வருமா? வாசகர் கேள்வி - பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து ஒரே பொருளைப் பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன: கம்பியில்லா மின்சாரம். அது எப்படி வேலை செய்கிறது, அதனால் ஆபத்து உண்டா என்பதே பலரும் கேட்டிருப்பது. இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

ஒயரே இல்லாமல் போன் சார்ஜ் ஆகிறது. கரண்ட் காற்றில் எப்படிப் போகிறது?
- பிளஸ் டூ மாணவி, குடியாத்தம்

காற்றில் கரண்ட் போவதில்லை. போவது காந்தப்புலத்தின் துடிப்பு. ஒரு செம்புச் சுருளில் மாறுமின்சாரம் ஓடினால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலம் கூடுவதும் குறைவதுமாக இருக்கும். அந்தத் துடிப்புக்குள் இன்னொரு சுருளை வைத்தால், அதில் புதிதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான்.

உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 11,000 வோல்ட் சுருள் ஒன்று, 433 வோல்ட் சுருள் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதாவது உங்கள் வீட்டு விளக்கில் எரியும் மின்சாரம் ஏற்கெனவே ஒருமுறை ஒயர் இல்லாமல் தாண்டித்தான் வந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருளையும் இணைக்க நடுவே இரும்புத் தகடுகள் உண்டு; காந்தப்புலம் சிதறாமல் அதன் வழியே போய்விடும். அந்த இரும்பை எடுத்துவிட்டு, ஒரு சுருளைச் சார்ஜர் தட்டிலும் மற்றதைப் போனின் முதுகிலும் வைத்தால் அதுதான் வயர்லெஸ் சார்ஜர்.

இரும்பை எடுத்ததால் வரும் இழப்பை இரண்டு வழிகளில் சரிக்கட்டுகிறார்கள். ஒன்று, அதிர்வெண். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் துடிக்கிறது. சார்ஜர் தட்டு அதை நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கும்படி செய்கிறது. காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, எதிர்ச் சுருளில் அவ்வளவு வோல்ட் பிறக்கும். இரண்டாவது, ஒத்ததிர்வு. ரேடியோவில் ஒரு நிலையத்துக்கு ட்யூன் செய்வது போல, இரண்டு சுருள்களோடும் கெப்பாசிட்டர் சேர்த்து ஒரே அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்துவிட்டால் சற்றுத் தள்ளி வைத்தாலும் சக்தி போய்ச் சேரும். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சொல்யாச்சிச் குழுவினர் இந்த முறையில் 2 மீட்டர் தள்ளி ஒரு 60 வாட் பல்பை எரிய வைத்தார்கள். சுருளிலிருந்து சுருளுக்கு ஏறத்தாழ 40 சதவீதம் சேர்ந்தது. ஆனால் சுவர் பிளக்கிலிருந்து எடுத்ததோ 400 வாட். பத்திரிகைகள் முதல் எண்ணைத்தான் பெரிதாகப் போட்டன. இரண்டாவது எண்ணையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையில் வரும் எந்தச் செய்தியையும் எடைபோட முடியும்.

தொலைவுக்கு அனுப்ப வேறு இரண்டு வழிகள் உண்டு: மைக்ரோவேவ் அலையாக, அல்லது லேசர் ஒளியாக. அவை சுருள் விஷயமல்ல. ஒரு பக்கம் அலையைக் குவித்து அனுப்பி, மறுபக்கம் ஆன்டெனாவோ சோலார் தகடோ வைத்து மீண்டும் மின்சாரமாக்குவது.

வயர்லெஸ் சார்ஜர் வாங்கினேன். சித்திரை வெயிலில் போன் கொதிக்கிறது. பாதி ராத்திரியில் சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. தட்டு பழுதா, போன் பழுதா?
- சத்துவாச்சாரி

பெரும்பாலும் இரண்டுமே பழுதாக இருக்காது. வெயில் காலத்தில் வேலூர் வீட்டு அறை இரவிலும் 33, 34 டிகிரியில் நிற்கும். போன்கள் 35 டிகிரிக்குள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் போனால் போனே சார்ஜைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். சில போன்கள் 80 சதவீதத்தோடு நின்றுகொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றவே அது அப்படிச் செய்கிறது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? 5,000 எம்.ஏ.எச். பேட்டரி நிறைய ஏறத்தாழ 19 வாட்-மணி தேவை. ஒயர் போட்டால் சுவரிலிருந்து 22, 23 வாட்-மணி எடுக்கும். தட்டில் வைத்தால் 28 வரை போகும். மிஞ்சுகிற ஐந்தாறு வாட்-மணி முழுவதும் தட்டிலும் போனின் முதுகிலும் சூடாகிறது. கரண்ட் பில்லுக்கு இது பெரிய செய்தியல்ல. தினம் ஒருமுறை ஏற்றினாலும் வருடத்துக்கு இரண்டு யூனிட் அளவுதான் கூடும். பேட்டரிக்குத்தான் கேடு.

வரிசையாகச் சரிபாருங்கள். முதலில் அடாப்டர். தட்டின் அடியில் '9 வோல்ட் 2 ஆம்பியர்' என்று அச்சிட்டிருந்தால் பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போதாது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், சார்ஜ் ஏறாது. அடுத்து, போன் வைக்கும் இடம். தட்டுக்குள் இருக்கும் சுருள் நான்கைந்து சென்டிமீட்டர் அகலம்தான். போன் ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் சக்தி சரிந்து சூடு ஏறும். ராத்திரி மெசேஜ் வந்து போன் அதிரும்போது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவை விட்டு விலகுவது அடிக்கடி நடப்பது. அதிர்வை அணைத்துவிட்டுப் படுங்கள். காந்தம் வைத்த புதிய வகைத் தட்டுகள், 2023-இல் வந்த 'ச்சீ 2' தரத்தைச் சேர்ந்தவை, இந்தத் தொல்லைக்காகவே காந்தத்தைச் சேர்த்திருக்கின்றன.

பிறகு போன் உறை. 3 மில்லிமீட்டர் வரை தடையில்லை. அதற்கு மேல் தடித்த ரப்பர் உறை, பின்னால் ஒட்டிய இரும்பு வளையம், காருக்காக ஒட்டும் தகடு எல்லாம் தொல்லை. உறைக்குள் ஏ.டி.எம். கார்டு, ஆதார் கார்டு, ஐம்பது ரூபாய் நோட்டு என்று சொருகி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நோட்டால் ஒன்றுமில்லை. கார்டின் சிப்பும் காந்தப்பட்டையும் கெட வாய்ப்பிருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து, போனுக்கும் தட்டுக்கும் நடுவில் வரும் சின்ன உலோகம். சாவி, நாணயம், ஹேர்பின், எல்லாவற்றையும் விட மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். அதில் சுழல் மின்னோட்டம், அதாவது உலோகத்துக்குள்ளேயே வட்டமாகச் சுற்றும் மின்சாரம், பிறந்து, கை வைக்க முடியாத அளவு சுடும். நல்ல தட்டு தான் அனுப்பிய சக்தியையும் போன் 'கிடைத்தது' என்று சொல்லும் சக்தியையும் ஒப்பிட்டுப் பார்த்து, நடுவில் யாரோ தின்கிறார்கள் என்று தெரிந்தால் நின்றுவிடும். தரச் சான்றில்லாத மலிவுத் தட்டுகளில் இந்தக் காவல் இருக்குமென்று நம்ப முடியாது. தலையணைக்கு அடியில், மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். மரப்பலகை மேல், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். மே, ஜூன் இரண்டு மாதமும் ஒயரையே பயன்படுத்துவது இன்னும் நல்லது.

வீட்டோரக் கிணற்று ஷெட்டில் சர்வீஸ் இருக்கிறது. அங்கிருந்து 300 மீட்டரில் புது போர் போட்டிருக்கிறேன். 5 எச்.பி. மோட்டார். இழுத்த செம்பு ஒயரை இரண்டு முறை திருடிவிட்டார்கள். ஒயர் இல்லாமல் கரண்ட் அனுப்பும் கருவி கிடைக்குமா ஐயா?
- விவசாயி, அணைக்கட்டு

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அப்படி ஒரு கருவி இல்லை. யாராவது விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஏன் முடியாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

சுருளின் ஆரத்தைத் தாண்டியதும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் விழும். அதனால் எதிர்ச் சுருளுக்குக் கிடைக்கும் சக்தி ஆறாம் மடியில் விழும்: தூரம் இரட்டித்தால் சக்தி 64-இல் ஒரு பங்கு. மேலே சொன்ன எம்.ஐ.டி. சோதனையில் 60 சென்டிமீட்டர் அகலச் சுருள், 2 மீட்டர் தூரம். அதே விகிதத்தில் 300 மீட்டருக்கு வேண்டுமானால் சுருள் 90 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஒரு சுருளுக்கே ஒன்றரை ஏக்கருக்கு மேல் போய்விடும். இரண்டு முனைக்கும் சேர்த்து மூன்று ஏக்கர். நிலம் முழுக்கச் சுருளை நிறுத்திவிட்டு எதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது?

மைக்ரோவேவாக அனுப்பினால்? 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை 300 மீட்டருக்குச் சிதறாமல் குவிக்க இரு பக்கமும் ஒன்பது, பத்து மீட்டர் அகலத் தட்டு வேண்டும். மின்சாரத்தை அலையாக்கி, அலையை மின்சாரமாக்குவதில் 1975-இல் ஆய்வகத்தில் மிகுந்த கவனத்தோடு செய்தபோதே 54 சதவீதம்தான் தேறியது. அது போக, நடுவில் மாடு மேய்ந்தாலும் ஆள் நடந்தாலும் பொதுமக்களுக்கான பாதுகாப்பு வரம்பைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு அலை உடம்பில் படும்.

இப்போது சாதாரண ஒயரைப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் மூன்று பேஸில் 7.5 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் 300 மீட்டருக்கு ஒரு பேஸின் தடை 1.4 ஓம். மொத்த இழப்பு 230 வாட் அளவு, அதாவது ஐந்து சதவீதம். 415 வோல்ட்டில் 18 வோல்ட் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டுவிட்டால் 29 வோல்ட் குறையும். ஏற்கெனவே லைனில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் அதுவும் சேர்ந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சுருள் கருகும். மோட்டார் அடிக்கடி ரீவைண்டிங்குக்குப் போவதற்கு ஒயரை மெல்லியதாகப் போட்டதே பல இடங்களில் காரணம்.

திருட்டைத் தடுக்க வழி: செம்பை விட்டு அலுமினியத்துக்கு மாறுங்கள். 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் தடையும் 6 சதுர மில்லிமீட்டர் செம்பின் தடையும் ஒன்றே, கிலோமீட்டருக்கு 3.08 ஓம். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்குச் செம்பு விலை கிடைக்காது. திருடுகிறவருக்கும் அது தெரியும். இரும்புக் கவசம் போட்ட கேபிளாக வாங்கி, இரண்டரை அடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, அடியில் நான்கு விரல் மணல், மேலே நான்கு விரல் மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல் அடுக்கி மூடுங்கள். செங்கல் எதற்கென்றால், நாளைக்கு யாராவது கடப்பாரை போட்டால் கேபிளுக்கு முன் செங்கல் தட்டும். நடுவில் ஜாயின்ட் வேண்டாம். முனையில் அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரக் கூடாது. இரண்டு வருடத்தில் பூஞ்சை போல் வெள்ளை படிந்து சூடாகிக் கருகும். அதற்கென்று உள்ள, ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமான பைமெட்டல் லக் போட்டு அழுத்தச் சொல்லுங்கள். கவசத்தை இரு முனையிலும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். இடம் மாற்றுவதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஒயரே வேண்டாமென்றால் போர் பக்கத்திலேயே சோலார் பம்ப் வைப்பதுதான் நடைமுறையில் உள்ள 'கம்பியில்லா மின்சாரம்'. மானிய விவரத்துக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

டெஸ்லா உலகத்துக்கே இலவசக் கம்பியில்லா மின்சாரம் கண்டுபிடித்தார், அதை மறைத்துவிட்டார்கள் என்று வீடியோ சுற்றுகிறதே?
- ஆற்காடு

நிகோலா டெஸ்லா நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1901-இல் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது உண்மை. வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து, பிறகு மேற்கொண்டு கொடுக்க மறுத்ததும் உண்மை. 1917-இல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கோபுரம் ஊருக்கு மின்சாரம் கொடுத்ததாக எந்தச் சான்றும் இல்லை. நான்கு பக்கமும் பரவும் சக்தி தூரம் போகப் போகத் தேயும் என்பதை யாராலும் மறைத்து வைக்க முடியாது. மாறுமின்சார மோட்டாருக்கு டெஸ்லா செய்தது மிகப் பெரிய பங்களிப்பு. உங்கள் வீட்டு போர் மோட்டார் சுற்றுவது அவர் போட்ட வழியில்தான். அதற்காக அவரைக் கொண்டாடலாம்.

வீடியோக்களில் காந்தத்தையும் பல்பையும் மட்டும் வைத்து எரிய வைப்பது பொய். பல்புக்குள்ளேயே பேட்டரி இருக்கும்.

அறிவியல் கண்காட்சிக்கு வயர்லெஸ் மின்சாரம் செய்து காட்ட வேண்டும். செலவு குறைவாக, ஷாக் அடிக்காமல் எப்படிச் செய்வது?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஆரணி

தம்பி, இதற்கு வேண்டியவை: 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று, 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, பென்டார்ச் செல் இரண்டு, செல் வைக்கும் பெட்டி, 26 கேஜ் எனாமல் செம்புக் கம்பி. கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள். இரண்டு சுருளுக்கும் சேர்த்து 15 மீட்டர், அதாவது இருபத்தைந்து கிராமுக்குள் வரும். ஒன்று தவறினாலும் சுற்றுவதற்கு 50 கிராமாக வாங்கிக்கொள்.

8 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 15 சுற்று சுற்று. அங்கே கம்பியை வெட்டாமல் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே இழுத்து முறுக்கிவிட்டு, அதே திசையில் இன்னும் 15 சுற்று. இதுதான் அனுப்பும் சுருள். மூன்று முனை இருக்கும். டப்பாவிலிருந்து கழற்றி நான்கு இடத்தில் டேப் போடு. அதே அளவில் நடு முனை இல்லாமல் 30 சுற்று இன்னொன்று. இது வாங்கும் சுருள். அதன் இரு முனையிலும் எல்.இ.டி.யின் இரு கால்களை இணை.

அனுப்பும் சுருளின் நடு முனை பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. ஒரு ஓரம் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. மறு ஓரம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் தானாகவே திறந்து மூடி, பேட்டரியின் நேர்மின்சாரத்தைத் துடிக்கும் மின்சாரமாக மாற்றிவிடும்.

எரியவில்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் எனாமல். செம்பு நிறத்தில் பளபளப்பதால் வெறும் கம்பி போலத் தெரியும். மேலே இருப்பது மின்சாரம் கடத்தாத பூச்சு. ஒவ்வொரு முனையையும் இரண்டு சென்டிமீட்டருக்கு உப்புத்தாளால் நாலாபக்கமும் தேய்த்து, இளஞ்சிவப்பு நிறம் வந்த பிறகே இணை. நடு முனையில் இரண்டு கம்பி முறுக்கியிருப்பதால் உள்பக்கம் விட்டுப் போகும். பிரித்துத் தேய்த்து மறுபடி முறுக்கு. அடுத்த காரணம், நடு முனைக்குப் பிறகு சுற்றும் திசையை மாற்றிவிடுவது. அப்படியானால் துடிப்பே தொடங்காது. பிரித்துத்தான் சுற்ற வேண்டும். மூன்றாவது, டிரான்சிஸ்டரின் கால். பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பி2என்2222 என்று எழுதியவற்றில் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணை. டிரான்சிஸ்டர் விரலைச் சுட்டால் உடனே பேட்டரியைக் கழற்று. 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்க்கும் ஆசை வரும்; வேண்டாம், டிரான்சிஸ்டர் போய்விடும். 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது.

கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் இவற்றைக் காட்டு. வாங்கும் சுருளை மேலே பிடித்து மெல்ல உயர்த்து. வெளிச்சம் சீராகக் குறையாது, சில சென்டிமீட்டருக்குள் சட்டென்று விழும். சுருளைச் செங்குத்தாகத் திருப்பு. அணைந்துவிடும், ஏனென்றால் காந்தக் கோடுகள் இப்போது அதன் உள்ளே புகுவதில்லை, பக்கத்தால் போகின்றன. நடுவில் நோட்டுப் புத்தகத்தை வை, உள்ளங்கையை வை, ஒன்றும் ஆகாது. எவர்சில்வர் தட்டை வை, அணைந்துவிடும். தட்டில் பிறக்கும் சுழல் மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்த்துத் தள்ளிவிடுகிறது. போன் உறையில் ஏன் உலோகம் இருக்கக் கூடாது என்று யாராவது கேட்டால் இந்தத் தட்டையே பதிலாகக் காட்டலாம்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். மகன் வயர்லெஸ் சார்ஜர் வாங்கி வந்திருக்கிறான். வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பும் உண்டு. பயமாக இருக்கிறது.
- காட்பாடி

பயம் வேண்டாம். ஆனால் தூரம் வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது, ஏனென்றால் கம்பியில்லா மின்சாரத்தில் உண்மையிலேயே கவனம் தேவைப்படுகிறவர்கள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்தான்.

பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. மருத்துவர்கள் சோதிக்கும்போது நெஞ்சின் மேல் காந்தம் வைத்து அதை ஒரு நிலையான வேகத்துக்கு மாற்றுவார்கள். ஒரு மில்லி டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவு காந்தமே போதும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். முதுகில் காந்த வளையம் உள்ள போனைச் சட்டைப் பையில் வைத்தால் மருத்துவர் வைக்கும் காந்தத்தின் வேலையை அது தெரியாமல் செய்துவிடக்கூடும். பேஸ்மேக்கராக இல்லாமல் ஐ.சி.டி. எனப்படும் ஷாக் கொடுக்கும் கருவியாக இருந்தால் விஷயம் இன்னும் கவனமானது: காந்தம் அருகில் இருக்கும்வரை, ஆபத்தான துடிப்பு வந்தாலும் அது ஷாக் கொடுக்காமல் நிற்கலாம். அப்பாவின் கருவி எதுவென்று, மருத்துவமனையில் கொடுத்த சிறிய அட்டையில் போட்டிருக்கும். அதை எப்போதும் அவருடைய பையிலேயே வைத்திருங்கள்.

போனும் காந்தச் சார்ஜரும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது 30 சென்டிமீட்டருக்கு அப்பால். போனை வேட்டி மடிப்பிலோ பேன்ட் பையிலோ வைக்கச் சொல்லுங்கள், மேல் பையில் வேண்டாம். கருவி வைத்த பக்கத்துக்கு எதிர்க் காதில் பேசட்டும். இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நின்றால் போதும். குனிந்து கிளறும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். சார்ஜரைக் கூடத்து மேஜையில் வையுங்கள், அப்பாவின் கட்டிலோரம் வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கருவியின் மாடலுக்கு வேறு ஏதாவது எச்சரிக்கை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மருமகள் ஆறு மாதம். வயர்லெஸ் சார்ஜரிலிருந்து கதிர் வந்து குழந்தையைப் பாதிக்கும், கேன்சர் வரும் என்கிறார்களே?
- வாலாஜாபேட்டை

எக்ஸ்ரே போன்ற கதிர்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் சக்தி உள்ளவை. சார்ஜரின் அதிர்வெண்ணில் அந்தச் சக்தி இல்லை. மிக வலுவாக இருந்தால் அது உடம்பில் செய்யக்கூடியது இரண்டே: நரம்பைக் கூச வைப்பது, திசுவைச் சூடாக்குவது. அந்த நிலைக்கு மிகவும் கீழேதான் பன்னாட்டு வரம்புகளை வைத்திருக்கிறார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. அமைப்பின் 2010 வரம்புப்படி இந்த அதிர்வெண்ணில் பொதுமக்களுக்கு 27 மைக்ரோ டெஸ்லா.

தட்டின் சுருள் ஆரம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். ஒரு அடி தள்ளிப் போனால் காந்தப்புலம் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே சார்ஜரை வயிற்றின் மேலோ தலையணை ஓரத்திலோ வைக்காமல் ஒரு கை தூரத்தில் வைத்தால் அதற்கு மேல் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

கேன்சர் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-இல் ரேடியோ அலைகளை 'சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி வகுப்பில் வைத்தது. அப்படி வைத்ததற்குப் பொருள், சான்று அரைகுறையாக இருக்கிறது, ஒதுக்கவும் முடியவில்லை என்பது. 'வரும்' என்று அது சொல்லவில்லை.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கும்போது கம்பியில்லாத சார்ஜரை விடக் கம்பியுள்ள சாமான்களைப் பாருங்கள். ஈரக் கையோடு தொடும் ஹீட்டர், எர்த் இல்லாத வாஷிங் மெஷின், ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். உயிரை எடுப்பது அந்தப் பக்கம்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கப்படுகிறதே, அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி இருக்கிறதா?
- ஆம்பூர் லாரி ஓட்டுநர்

இல்லை. அதுவும் கம்பியில்லா மின்சாரம்தான். மேலே தொங்கும் ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் அலை வீசுகிறது. ஸ்டிக்கரில் உள்ள மெல்லிய உலோகக் கோடு அதில் வாட்டில் லட்சத்தில் சில பங்கு அளவு பிடித்து, அதைக்கொண்டே சிப்பை எழுப்பி, எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டினாலோ ஸ்டிக்கரை மடித்து ஒட்டினாலோ அந்தச் சின்னச் சக்தியும் கிடைக்காது. லேனில் நிற்க வேண்டி வரும். ஐந்து மீட்டர் தூரத்தில் உங்கள் மேல் படும் அலை, பொதுமக்களுக்கான வரம்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மின் ஸ்கூட்டர், கார் எல்லாம் ரோட்டிலேயே சார்ஜ் ஆகும் காலம் வருமா?
- ராணிப்பேட்டை

நிறுத்தி வைத்த காருக்கு வந்துவிட்டது. 85 கிலோஹெர்ட்ஸில் 11 கிலோவாட் வரை அனுப்பும், எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் தரம் 2020-இல் முழுமையாயிற்று. சுருள்கள் நேராக அமைந்தால் 90 சதவீதத்துக்கு மேல் சேரும். ஓடும் ரோட்டில் தென்கொரியாவின் குமி நகரில் 2013-இல் பேருந்து ஓட்டினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2023-இல் கால் மைல் தெருவில் பதித்தார்கள். நம் ஊரில் மழைக்குப் பிறகு ரோட்டை எத்தனை முறை தோண்டுகிறோம் என்று யோசித்தால், ரோட்டுக்கு முன் பேருந்து நிலையத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் இது வருவதே பொருத்தம். அங்கே வண்டி நிற்கும் இடம் நிலையானது.

விண்வெளியிலிருந்து சோலார் மின்சாரத்தைக் கீழே அனுப்பப் போகிறார்களாம். நம் தலையில் விழுந்தால் என்னாவது?
- திருப்பத்தூர்

1968-இல் பீட்டர் கிளேசர் சொன்ன யோசனை இது. 1975-இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1.5 கிலோமீட்டர் தூரம் மைக்ரோவேவாக அனுப்பி 30 கிலோவாட்டுக்கு மேல் பெற்றார்கள். 2023-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் அனுப்பிய செயற்கைக்கோளிலிருந்து வந்த மிகச் சிறிய சக்தியைத் தரையில் உணர்ந்தார்கள். இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் அகல ஆன்டெனா வைத்தாலும் கற்றை தரைக்கு வரும்போது பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். வேலூர்க் கோட்டையில் தொடங்கினால் காட்பாடி ஜங்ஷனையும் தாண்டும். நாசா 1970-களில் போட்ட திட்டத்தில் கற்றையின் நடுவில்கூடச் சதுர மீட்டருக்கு 230 வாட்தான். உச்சி வெயிலே 1,000 வாட். எரித்துச் சாம்பலாக்காது. ஆனால் பொதுமக்களுக்கான 10 வாட் வரம்பைப் போல 23 மடங்கு என்பதால், அந்த வட்டத்துக்குள் யாரும் குடியிருக்க முடியாது. ஆபத்தைவிட நிலம்தான் பெரிய கேள்வி.

எங்கள் மூன்று வயதுக் குழந்தைக்குக் காது கேட்க காக்ளியர் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைக்கு வெளியே ஒரு வட்டம் ஒட்டி, தோல் வழியாகக் கரண்ட் அனுப்புவார்களாம். மூளைக்கு ஒன்றும் ஆகாதா?
- தாய், பேர்ணாம்பட்டு

அம்மா, அஞ்சாதீர்கள். தோலுக்கு உள்ளே வைக்கும் பகுதிக்குப் பேட்டரி கிடையாது. அதனால்தான் பேட்டரி மாற்ற மறுபடி அறுக்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியிலிருந்து அந்த வட்டச் சுருள் சில மில்லிமீட்டர் தோலைத் தாண்டி உள்ளே இருக்கும் சுருளுக்குச் சக்தியையும் சத்தத்தின் குறிப்பையும் ஒன்றாக அனுப்புகிறது. அனுப்புவது வாட்டில் நூற்றில் சில பங்கு. குழந்தைக்கு அது சுடாது, கூசாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. வட்டத்தைப் பிடித்து வைப்பது காந்தம். அதன் பலம் கூடினால் அந்த இடத்துத் தோல் சிவந்து புண்ணாகும். குறைந்தால் ஓடி விளையாடும்போது விழுந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை முடியை விலக்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சிவப்பு மறுநாளும் மறையவில்லையென்றால் காந்தத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றக்கூடியதுதான். நம் ஊர் வியர்வை கருவிக்கு ஆகாது. இரவில் கழற்றித் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறும்முன் வெளிக் கருவியைக் கழற்றிவிடுங்கள். உராய்வில் சேரும் நிலைமின்சாரம் அதைக் கெடுக்கலாம். பின்னாளில் எதற்காவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே காந்தம் இருக்கிறது என்பதை அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியையிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.